தண்ணீர் இறங்கும் இடம்

முதல் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு அம்மா வீட்டுக்குள் நுழைந்தபோது, மகள் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனில்தான். யாரோ ஒருவன், முகம் தெரியவில்லை, கையும் ரப்பர் பூட்ஸும் மட்டும் தெரிகின்றன, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நீளக் கம்பியால் எதையோ துழாவுகிறான். ஒரு பேச்சு இல்லை, பாட்டு இல்லை. கம்பி எதிலோ மாட்டுகிறது. இழுக்கிறான். இலையும் பிளாஸ்டிக் பையும் சேறுமாக ஒரு மூட்டை வெளியே வந்து விழுகிறது. அவ்வளவுதான், தெரு முழுக்கத் தேங்கியிருந்த தண்ணீர் அந்த ஓட்டைக்குள் சுழித்துக்கொண்டு இறங்க ஆரம்பிக்கிறது. மகள் கண் கொட்டாமல் பார்த்தாள். வெள்ளைக்கோடு போட்ட சாலை மெல்ல மெல்ல மேலே வந்தது. வீடியோ முடிந்ததும் ஒரு நீண்ட மூச்சு விட்டுவிட்டு அடுத்த சாக்கடைக்குப் போனாள்.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலகத்தில் பார்ப்பதற்கு ஆட்டம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, சமையல் இருக்கிறது. மற்ற பிள்ளைகள் அதையாவது பார்க்கின்றன. இவள் என்னவென்றால் ஊர் பேர் தெரியாத ஊர்களின் அழுக்கையெல்லாம் தலையணைக்கு மேல் வைத்துக்கொண்டு கிடக்கிறாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியாது. ஐந்து மாதமாக அந்தப் பெண்ணிடம் யாருமே குரலை உயர்த்தியதில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் காய்ச்சல் வந்தது. வந்தது போகாமல் மூட்டுகளுக்கு இறங்கிவிட்டது. முழங்கால் இரண்டும் வீங்கி, கழிப்பறைக்குக்கூடத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பதினைந்து வயதுப் பெண், அப்பாவை விட இரண்டு விரல்கடை உயரம். அவர் அவளை இன்னும் 'பொடிசு' என்றுதான் கூப்பிடுகிறார். அந்தப் பொடிசைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கும், ஆனாலும் பஸ் ஓட்டுகிற மனிதர் அல்லவா, "அடுத்த நிறுத்தம் பாத்ரூம், இறங்குறவங்க முன்னாடி வாங்க" என்று அறிவிப்பார். இப்போது வீக்கம் வற்றிவிட்டது. மெதுவாக நடக்கிறாள். டாக்டர் இனி பயமில்லை என்று சொல்லிவிட்டார். அம்மாதான் இன்னும் நம்பவில்லை.

பள்ளிக்கூடம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் பாதி வருஷம் கையை விட்டுப் போயிற்று. தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தபோது அந்தம்மாள் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். இரண்டு மாதம் அவகாசம் தருகிறேன், வீட்டிலேயே படிக்கட்டும், பரீட்சை வேண்டாம், ஒரு திங்கட்கிழமை வந்து என்ன படித்தாள் என்று என்னிடமும் இரண்டு டீச்சர்களிடமும் காட்டட்டும், எங்களுக்குத் திருப்தியானால் தன் வகுப்போடு பத்தாவது போகலாம், இல்லாவிட்டால் இதே வகுப்பில் இன்னொரு வருஷம் என்றார். மகள் அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் வைத்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "சின்னப் பசங்களோட உக்கார வச்சா நான் பள்ளிக்கூடமே போக மாட்டேன்மா." அழவில்லை, முறுக்கவில்லை. மணி என்ன என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அந்தக் குரல் அம்மாவுக்குத் தெரியும். ஏனென்றால் அவளும் அதே வயதில் இதே மாதிரி ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் படிப்பை விட்டாள். பிறகு யாரும் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.

அம்மாவுக்கு வேலை சட்டைக் கம்பெனியில். செக்கர். தைத்து வருகிற சட்டைகளை மேசையில் விரித்து, காலர், தோள், கை, கஃப், பாக்கெட், பட்டன், கீழ்மடிப்பு என்று ஏழு இடத்தில் பார்க்க வேண்டும். கோணலோ, நூல் பிசிறோ, கறையோ இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஆல்டருக்குத் தள்ள வேண்டும். அங்கே பிரித்துத் தைப்பார்கள். நல்ல சட்டைக்கு ஒன்றும் ஒட்டுவதில்லை. பதினோரு வருஷமாக இந்த வேலை. ஒரு சட்டைக்கு நாற்பது நொடி.

அடுத்த மேசையில் இருப்பவர் கண்ணாடி அக்கா. தடித்த கண்ணாடி, மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்து அனுப்பியவர். இடைவேளையில் அம்மா தன் குறையைச் சொன்னாள். பாடப் புத்தகத்தைத் திறந்தாலே பெண் சுவரைப் பார்க்கிறாள், நாள் முழுக்கச் சாக்கடை வீடியோ, போனைப் பிடுங்கலாமா என்று யோசிக்கிறேன் என்றாள். அக்கா நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "பசிக்காத புள்ளைக்குச் சோறு ஊட்டாத. அவ எதைப் பாக்குறாளோ அதுக்குள்ளேயே பாடம் இருக்கான்னு பாரு" என்றார். அம்மா சாக்கடைக்குள்ளயா என்று கேட்டதற்கு, "சட்டியில என்ன இருக்குன்னு அகப்பையை விட்டாத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

அன்றைக்கே அம்மா ஒரு நீள நோட்டு வாங்கினாள். ஏழு இடம் பார்த்துப் பழகிய கை, ஏழு கட்டம் போட்டது. கணக்கு, அறிவியல், வரலாறு, புவியியல், மொழி, ஓவியம். ஆறுதான் வந்தது. ஏழாவது கட்டத்துக்கு ரொம்ப நேரம் யோசித்து 'மற்றவை' என்று எழுதினாள். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஏழு கட்டத்திலும் ஏதாவது எழுத வேண்டும் என்று ஏற்பாடு. மகள் கட்டங்களைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சரி என்றாள். அப்பா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, சாக்கடையில் மொழிப்பாடம் நிறைய இருக்கும், அடைப்பு எடுப்பவன் கையில் ஏதாவது குத்தினால் புதுப்புது வார்த்தையாக வரும் என்றார்.

விளையாட்டாகத்தான் தொடங்கினாள். ஆனால் நான்கைந்து நாளில் அந்தப் பெண்ணுக்கு அது பிடித்துக்கொண்டது. சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதினாள். சதுர மூடியைச் சாய்த்தால் குறுக்குவாட்டில் உள்ளே விழுந்துவிடும், வட்டத்துக்கு எந்தப் பக்கமும் ஒரே அகலம், அதனால் விழாது. நம்பிக்கை வராமல் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, சதுரம் ஒன்று வட்டம் ஒன்று செய்து தானே போட்டுப் பார்த்தாள். ஒரு வீடியோவில் தெருவின் நீளம் நாற்பது மீட்டர், அகலம் ஆறு, ஆழம் பதினைந்து சென்டிமீட்டர் என்று குத்துமதிப்பாக வைத்துக்கொண்டு முப்பத்தாறாயிரம் லிட்டர் தண்ணீர் என்று கண்டுபிடித்தாள். மத்தியானம் தூங்குவதை நிறுத்தினாள். சாப்பிடும்போது பேசினாள். பத்து நாளில் பதினெட்டுப் பக்கம். அம்மா கம்பெனியில் கண்ணாடி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை இனிமேல்தான்.

பதினோராம் நாள் வீட்டுக்கு வந்த அம்மா, மகள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் நோட்டை எடுத்து மேசையில் விரித்தாள். அந்தத் திங்கட்கிழமை மூன்று டீச்சர்கள் இதைப் புரட்டப்போகிறார்கள் என்ற நினைப்பு வந்தது. உடனே கண் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. ஓரக்கோடு கோணல். ஓர் இடத்தில் மை சிந்தியிருக்கிறது. ஒரு வரி கட்டத்தைத் தாண்டி வெளியே போகிறது. அடித்துத் திருத்தியது. எழுத்து சாய்ந்தது. பையில் பாதி தீர்ந்த ஸ்டிக்கர் சுருள் ஒன்று இருந்தது. கை தானாகப் போயிற்று. ஒட்டினாள். மகளைக் கண்டிக்க வேண்டும் என்றோ குறை சொல்ல வேண்டும் என்றோ ஒரு துளி எண்ணம் இல்லை. நன்றாக வந்திருக்கிற சட்டைக்கு ஒரு பிசிறு இருந்தால் கத்தரித்துவிடலாமே என்கிற மாதிரி. முடித்துவிட்டு மனநிறைவோடு காய் நறுக்கப் போனாள்.

சாயங்காலம் அப்பா வந்து இருவரும் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோது, மகள் அறையிலிருந்து வந்தாள். நெற்றியில் ஓர் அம்பு. இரண்டு கன்னத்திலும் அம்பு. மூக்கு நுனியில், மோவாயில், கழுத்தில், இரண்டு கைகளிலும் வரிசையாக, முழங்கால் இரண்டிலும் ஒவ்வொன்று. மொத்தம் பதினேழு, சுருளில் மிச்சமிருந்ததெல்லாம். அவள் எதுவும் நடக்காதது மாதிரி உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அப்பா முதலில் கெக்கலி கொட்டிச் சிரித்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார், சிரிப்பைத் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டார்.

"ஆல்டருக்கு அனுப்பிடும்மா" என்றாள் மகள்.

அம்மா பதறிப்போனாள். அழகாக இருக்கட்டும் என்றுதான் ஒட்டினேன், டீச்சர்கள் பார்ப்பார்களே என்று ஏதேதோ சொன்னாள். எழுந்து அவள் நெற்றியிலிருந்த அம்பை உரிக்கப் போனாள். மகள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"மூடி ஏன் வட்டமா இருக்கு, சொல்லு."

அம்மாவுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் மட்டும் மூன்று அம்பு ஒட்டியிருந்தாள்.

"நீ பாத்தம்மா. படிக்கல."

அதற்கப்புறம் நோட்டு மேசையில் அப்படியே கிடந்தது. மகள் கதவைச் சாத்திக்கொண்டு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். கேட்டதற்குப் பதில் வரும். கேட்டதற்கு மட்டும். அம்மா ஒரு நாள் ஸ்டிக்கர்களையெல்லாம் உரித்துப் பார்த்தாள். உரித்த இடங்களில் காகிதம் தோல் உரிந்த மாதிரி வெளுத்துப்போயிற்று. திங்கட்கிழமைக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. கம்பெனியில் அன்று இரண்டு கோணல் காலர்களை விட்டுவிட்டாள். சூப்பர்வைசர் வந்து அவள் மேசையில் ஓர் அம்பை ஒட்டிவிட்டுப் போனார். வேடிக்கைக்குத்தான் ஒட்டினார். அம்மா அதை வெகுநேரம் உரிக்காமல் வைத்திருந்தாள்.

வார விடுமுறையன்று காலையில் அவள் நோட்டைப் படித்தாள். உட்கார்ந்து, விரலை வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு பதினெட்டுப் பக்கமும் படித்தாள். பாதி புரிந்தது. பிறகு எழுந்து போய் மகளின் கதவைத் தட்டினாள். கையில் நோட்டு இல்லை. நானும் பார்க்கட்டுமா என்று கேட்டாள். மகள் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

மூன்று சாக்கடை பார்த்து முடித்தார்கள். நான்காவது, மகள் நோட்டில் கணக்குப் போட்ட அதே தெரு. அது நடக்கும்போது அம்மாவுக்கு உண்மையிலேயே ஒரு சந்தேகம் வந்தது. தெருவில் வீட்டு வாசல்களை ஒட்டித் தண்ணீர் அந்த ஆளின் கணுக்காலுக்கு மேல் வரை இருக்கிறது. ஆனால் தெரு நடுவே ஒரு நாய் நடந்து போகிறது, அதன் பாதம்தான் நனைகிறது. அவள் அதைச் சொன்னாள். நடுவிலே ஆழமே இல்லையே, அப்புறம் எப்படி எல்லா இடமும் பதினைந்து சென்டிமீட்டர் என்று கேட்டாள். மகள் வீடியோவை நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். நாயை மூன்று தடவை நடக்கவிட்டாள்.

"ஐயோ, ரோடு நடுவுல மேடும்மா" என்றாள். "என் கணக்கே தப்பு."

தப்பு என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்ததை அம்மா பார்த்தாள். கம்பெனியில் தப்பைக் கண்டுபிடிக்கும்போது யார் முகத்திலும் அப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. பேச்சைத் தொடரத் தெரியாமல், இது ஏன் உனக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்டாள். எப்போதோ கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மகள் நகத்தைக் கடித்தாள். "முடிஞ்சிடுதும்மா. பத்து நிமிஷத்துல எல்லாமே சரியாயிடுது. காய்ச்சல்ல கெடந்தப்ப எனக்குக் காலைத் தூக்கக்கூட முடியாது. டாக்டர் வருவாரு, பாக்கலாம் பாக்கலாம்னு போயிடுவாரு. இதுல மட்டும்தான் ஒண்ணு ஒழுங்கா முடியும்."

அம்மா அவள் முழங்கால்மேல் கையை வைத்தாள். கையை எடுக்காமலே, அந்தத் தண்ணீர் ஏன் நேராக விழாமல் சுற்றிக்கொண்டு விழுகிறது என்று கேட்டாள். அது தெரியாதா என்று மகள் விளக்க ஆரம்பித்தாள். அம்மாவுக்குப் புரியவில்லை. மறுபடி விளக்கினாள். அம்மா மறுபடியும், அப்படியானால் எப்போதும் ஒரே பக்கமாகவா சுற்றும் என்று கேட்டாள். "இரு" என்று மகள் எழுந்து போனாள்.

அப்பா டூட்டி முடிந்து வந்தபோது வீட்டில் குரல் கேட்டது, ஆள் இல்லை. பாத்ரூமில் இருந்தார்கள். தரையில் இருக்கிற ஓட்டையைத் துணியால் அடைத்து, வாசலில் பலகை வைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி ஒரு குட்டிக் குளமே கட்டியிருந்தார்கள். அம்மாவின் வேலை உடுப்புப் பையில் எப்போதும் கிடக்கிற நூல் துணுக்குகள், சிவப்பும் நீலமும் மஞ்சளும், தண்ணீர் மேல் மிதந்தன. மகள் துணியை உருவினாள். நூல்கள் எல்லாம் முதலில் திகைத்து நின்றன. பிறகு ஒவ்வொன்றாக ஓட்டையைப் பார்த்துத் தலை திருப்பின. பக்கத்தில் இருந்த நூல் வேகமாகவும் தூரத்து நூல் சோம்பலாகவும் சுற்றின. "இந்தத் தடவை இடது பக்கம்" என்று அம்மா கத்தினாள். இது ஏழாவது தடவை. நான்கு இடது, மூன்று வலது. ஊற்றும்போது தண்ணீர் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறதோ அந்தப் பக்கம்தான் சுற்றுகிறதோ என்று மகளுக்குச் சந்தேகம். அதற்காக, ஊற்றிவிட்டு அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் விட வேண்டும் என்றாள்.

அப்பா பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றுகொண்டிருந்தார். "அதுவரைக்கும் நான் எங்க போறது?" என்று மட்டும் கேட்டார்.

மகள் புது நோட்டு எடுத்துக்கொண்டாள். அதில் கட்டம் இல்லை. அம்மா அதைத் தானாகத் திறப்பதில்லை. மகள் வாசித்துக் காட்டினால் கேட்பாள். புரியாவிட்டால் புரியவில்லை என்பாள். புரியவில்லை என்று சொல்வதற்கு இத்தனை வயதுக்கு மேல் ஒரு தைரியம் வந்திருந்தது. மாடி ஜன்னலில் உட்கார்ந்து மகள் தங்கள் தெருவை வரைந்தாள். மழை பெய்தால் எந்த வாசலிலிருந்து எந்த வாசலுக்குத் தண்ணீர் ஓடும் என்று சின்னச் சின்ன அம்புகள் போட்டாள். மழை வந்த அன்று பார்த்தால் பாதி அம்பு தப்பு. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். முன்பு இந்தத் தெரு எப்படி இருந்தது என்று மாடிப்படி கூட்டுகிறவரிடம் கேட்டுவந்து இரண்டு பக்கம் எழுதினாள். வாய்க்கால் இருந்த இடத்தில்தான் இப்போது கடைகள் இருக்கின்றனவாம். தண்ணீருக்கு அது இன்னும் தெரியாது, பழைய நினைப்பில் அங்கேயே வருகிறது என்று எழுதியிருந்தாள். அம்மா அந்த வரியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

திங்கட்கிழமை வந்தது. அதற்கு முன் மூன்று நாளாக விடாத தூறல். நோட்டின் ஓரங்கள் பாத்ரூம் தண்ணீர் பட்டு உப்பியிருந்தன. ஒரு பக்கத்தில் மஞ்சள் நூல் ஒட்டிக் காய்ந்திருந்தது. ஓர் அட்டையாவது போட்டுத் தரட்டுமா என்று அம்மாவின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "பயப்படாத பொடிசு, அந்த மூணு பேரும் ஒரு காலத்துல ஃபெயிலானவங்களாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அப்பா பஸ்ஸை எடுக்கப் போனார்.

தலைமையாசிரியையின் அறை மாடியில். அம்மாவை வெளியே பெஞ்சில் இருக்கச் சொல்லிவிட்டு மகளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே நாற்காலி இழுபடுகிற சத்தம். பேச்சு. பேச்சு நின்று காகிதம் புரள்கிற சத்தம். அம்மா தன் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் நான்கு தடவை படித்தாள். யாரோ சிரித்தார்கள். நல்ல சிரிப்பா, கேலிச் சிரிப்பா என்று மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் தெரியவில்லை.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். கதவு திறந்தது. கணக்கு டீச்சர் குடையோடு முதலில் வந்தார், பின்னால் தலைமையாசிரியை, அதற்குப் பின்னால் மகள். மூன்றாவது டீச்சர் உள்ளேயே உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அம்மா சட்டென்று எழுந்தாள். நீங்கள் இருங்கள், இதோ வந்துவிடுகிறோம் என்று தலைமையாசிரியை கையமர்த்தினார். மகள் தாண்டிப் போகும்போது அம்மா அவள் முழங்கையைத் தொட்டாள்.

"என்ன கேட்டாங்க?"

"கிரவுண்டுல வருஷா வருஷம் தண்ணி நிக்குதாம். எங்க அடைப்புன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலன்னு சொன்னேன்."

அம்மாவின் முகம் விழுந்ததை அவள் பார்த்திருக்க வேண்டும். கொஞ்சம் எரிச்சலோடு, கொஞ்சம் ஆறுதலாக, "பாத்தாத்தானேம்மா தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

அம்மா நடையின் கோடியில் இருந்த ஜன்னலுக்குப் போனாள். கீழே மைதானத்தின் பாதி தண்ணீர். சாம்பல் நிறத்தில், வானத்தைப் போட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தது. மகள் ஓரமாகவே நடந்தாள். சுவரின் அடியில் ஓர் இடத்தில் நின்றாள், குனிந்து பார்த்தாள், நகர்ந்தாள். கணக்கு டீச்சர் ஏதோ கேட்டார். மகள் கையை நீட்டி, சுவரில் சேறு படிந்திருந்த கோட்டைக் காட்டினாள். தலைமையாசிரியை கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தக் கோட்டின் வழியே கடைசிவரை நடந்து பார்த்தார். பிறகு மகள் வேலிச்செடியில் ஓர் இலையைக் கிள்ளித் தண்ணீரில் வைத்தாள். கணக்கு டீச்சர் மறைக்கிறதென்று குடையை மடக்கிவிட்டார். மூன்று பேரும் தூறலில் நின்று குனிந்தார்கள்.

இலை நகரவில்லை.

மகள் காலணிகளைக் கழற்றினாள். இறங்கப்போகிறாள் என்று அம்மாவுக்குப் புரிந்தது. அந்த முழங்கால், அந்தச் சில்லென்ற தண்ணீர், அடியில் என்ன கிடக்கிறதோ. வேண்டாம் என்று கூப்பிட வாய் திறந்துவிட்டது. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தலைமையாசிரியை யாரும் சொல்லாமலே கையை நீட்ட, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தாள், பிறகு மற்றதை. சுவரோரமாகப் பாதத்தால் தரையைத் தடவித் தடவி நகர்ந்தாள். ஓர் இடத்தில் நின்றாள். குதிகாலால் எதையோ நெம்பினாள், மறுபடி நெம்பினாள்.

மேலிருந்து பார்க்க எதுவும் மாறவில்லை. தூறல் மட்டும் தண்ணீர் மேல் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டிருந்தது. அந்தப் புள்ளிகளுக்கு நடுவே இலை, காம்பை மட்டும் மெல்ல அவள் நின்ற பக்கம் திருப்பிற்று.